முதுமையிலும் விழித்திருக்கும் சிந்தை



மரியன்னையும் சூசையப்பரும் குழந்தை இயேசுவை எருசலேம் ஆலயத்திற்குக் கொண்டுவந்த அன்று எத்தனையோ பேர் அங்கு நடமாடியிருப்பர். ஆனால் அவர் யாரென்று கண்டுகொண்டவர்களாக லூக்கா குறிப்பிடுவது இரண்டு முதியவர்களை மட்டுமே. ஒருவர் சிமியோன். மற்றவர் 84 வயதுக் கைம்பெண் அன்னா. அவள் ஆலயத்தை விட்டு நீங்காமல் நோன்பிலும் செபத்திலும் நாட்களைக் கழித்தவள். கண்ட குழந்தையைப் பற்றி வந்தவர் போனவரோடெல்லாம் பேசியவள். மூலையில் முடங்கிய முதுமையல்ல அது.

ஆண்டுதோறும் யூலை மாதத்து நான்காம் ஞாயிறு முதியோருக்குரிய நாளாகும். பாப்பரசர் பிரான்சிஸ் 2021 ஆம் ஆண்டில் இதனை ஏற்படுத்தினார். இத்தகைய நாட்களில் முதியோருக்கு மாலை போட்டுப் படம் எடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது. அவர்களுடைய சிந்தை தெளிவாயிருக்க வீட்டிலே என்ன செய்கிறோம் என்பதே இன்று நான் கேட்கும் கேள்வி.

அமெரிக்காவில் நோத்ர் டாம் பாடசாலைச் சகோதரிகள் என்றொரு கன்னியர் சபை உண்டு. 1986 ஆம் ஆண்டில் டேவிட் ஸ்னோடன் என்ற ஆய்வாளர் மினசோட்டா மாநிலத்திலுள்ள அவர்களது மடத்தில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். பின்னர் 75 வயதுக்கு மேற்பட்ட 678 சகோதரிகள் அதிற் சேர்ந்தனர். ஆண்டுதோறும் ஞாபக சக்தியைச் சோதிக்க இசைந்தனர். இறந்தபின் தம் மூளையையும் ஆய்வுக்குக் கையளித்தனர். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர்கள், மரித்த பின்னும் படிப்பித்தார்கள்.

101 வயதில் காலமான ஒரு சகோதரியின் மூளையைப் பார்த்த வைத்தியர்கள் வியந்தனர். அல்சைமர் எனும் மறதிநோயின் அடையாளங்கள் அதில் நிறைய இருந்தன. ஆனால் அவரோ இறுதிவரை தெளிவாய்ச் சிந்தித்தவர். 84 வயதுவரை கற்பித்தவர். இன்னொன்றும் தெரியவந்தது. மூளையில் அந்நோயின் அடையாளங்களோடு சிறு இரத்தக் குழாய் அடைப்புகளும் சேர்ந்திருந்த சகோதரிகளிடமே மறதி மிகுதியாய் வெளிப்பட்டது. ஆகவே ‘பிறஸர்’ குளிசையை நினைத்த நாளில் விழுங்கி நினையாத நாளில் விடுவது இருதயத்துக்கு மட்டும் கேடென்று எண்ணாதீர்கள். தேத்தண்ணிக்குச் சீனியை அள்ளிப் போடுவதும், சுருட்டும், சாராயமும் இதே கணக்கில்தான் சேரும்.

2024 ஆம் ஆண்டில் ‘லான்செட்’ வைத்திய சஞ்சிகையின் ஆணைக்குழு பதினான்கு காரணங்களைப் பட்டியலிட்டது. அவை யாவும் நீங்கினால் மறதிநோயில் ஏறத்தாழ 45 வீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடுமென்றது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைத்தல், உடலசைவின்மை ஆகியவை நாம் அறிந்தவை. செவிப்புலன் குறைவும், கண்பார்வைக் குறைவும், தனிமையும் அப்பட்டியலில் உள்ளன என்பதைச் சற்று நின்று கவனியுங்கள்.

ஆச்சிக்குக் காது கேட்பதில்லை. அதனால் எல்லோரும் அவவை விட்டுவிட்டுக் கதைக்கிறோம். இரண்டு தரம் கேட்டால் ‘ஒன்றுமில்லை, இருங்கோ’ என்கிறோம். அவவும் கேட்பதை நிறுத்திவிடுகிறா. வெளிநாட்டிலிருக்கும் மகன் புதிய தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பணம் அனுப்புகிறான். காதுக் கருவிக்கோ கண்புரைச் சிகிச்சைக்கோ ‘இந்த வயதில் ஏன்’ என்று வீட்டார் சொல்கிறார்கள். இது சிக்கனமன்று, சகோதரரே. ஓர் ஆத்துமாவை உயிரோடிருக்கவே தனியறையில் அடைப்பதாகும்.

முதியோருக்கும் ஒரு சொல். பென்சன் எடுத்ததோடு மூளைக்கும் பென்சன் கொடுத்துவிடாதீர்கள். காலைப் பூசைக்கு நடக்கக்கூடிய தூரமாயின் நடந்தே வாருங்கள். மரியாயின் சேனைக் கூட்டத்தையும் வின்சன்ட் டி போல் சபையையும் இளையோருக்கே விட்டுவிடாதீர்கள். வியாகுலப் பிரசங்கத்தை மனப்பாடமாய்ப் படிப்பவர்களும், கூத்துப் பாட்டு முழுவதையும் நெஞ்சில் வைத்திருக்கும் அண்ணாவிமாரும் நம் ஊர்களில் இருந்தார்கள். தெரிந்ததைப் பேரப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். செபமாலையில் வாய் ஓட மனம் உறங்கினால் போதாது; ஒவ்வொரு தேவ இரகசியத்திலும் நடந்ததைப் பிள்ளைக்கு உங்கள் சொந்தச் சொல்லில் சொல்லிப் பாருங்கள். அது செபம், மூளைக்கும் நல்ல வேலை.

இவையெல்லாம் செய்தும் மறதிநோய் வரக்கூடும். அந்தக் கன்னியரிலும் பலருக்கு வந்தது. ஒரே சபை, ஒரே உணவு, ஒரே செபம். ஆகையால் ‘செபம் குறைந்ததால் வந்தது’ என்றோ ‘பாவத்தின் பலன்’ என்றோ எவரும் நாக்கூசாமற் பேசவேண்டாம். பிறவிக் குருடனைக் குறித்துச் சீடர்கள் அப்படிக் கேட்டபோது ஆண்டவர் அக்கேள்வியையே மறுத்தார் அல்லவா? சீராக் ஆகமத்தின் மூன்றாம் அதிகாரமோ இன்னும் வெளிப்படை. தந்தையின் அறிவு தளர்ந்த காலத்திலும் அவரிடம் பொறுமையாயிருக்கவேண்டுமென்றும், நாம் வலிமையோடு இருக்கிறோம் என்பதற்காக அவரை இகழலாகாதென்றும் அது மகனுக்குக் கற்பிக்கிறது. அந்நூல் எழுதப்பட்ட காலத்திலும் இப்படிப்பட்ட தந்தையர் இருந்தார்கள், பொறுமையிழந்த பிள்ளைகளும் இருந்தார்கள்.

பிள்ளையின் பெயரை மறந்த தாய், செபமாலை தொடங்கியதும் தன் கையால் சிலுவை அடையாளம் வரைவதை நீங்கள் கண்டிருக்கக் கூடும். அத்தகையோரை ‘பூசையில் சத்தம் போடுவா’ என்று வீட்டில் விட்டு வராதீர்கள். கூட்டி வாருங்கள். சத்தம் போட்டால் போடட்டும். வரமுடியாதவர் யாரென்று பங்குக் குருவிடம் சொல்லிவையுங்கள், நற்கருணை வீட்டுக்கு வரும்.