காற்றுக்குக் கணக்கு எழுதியவர்

ஒரு மனிதர் ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஒரே ஒரு எண்ணை அளந்துகொண்டிருந்தார். இது வாழ்க்கையா, வியாதியா என்று கேட்கத் தோன்றும்.

சார்லஸ் டேவிட் கீலிங், அமெரிக்கர். 1958 மார்ச்சில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில், 3,400 மீட்டர் உயரத்தில், காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு எவ்வளவு என்று அளக்க ஆரம்பித்தார். சுற்றிலும் பசிபிக் கடல், சுத்தமான காற்று. (எரிமலையே வாயு விடுமே என்பவர்களுக்கு: விடும். அந்த அளவுகளைத் தள்ளிவிடுவார்கள்.) முதல் கணக்கு, பத்து லட்சத்துக்கு 313 பங்கு.

எண் ஏறியது, பிறகு இறங்கியது. ஒழுங்கே இல்லையோ என்று கீலிங்குக்குக் கவலை. அடுத்த வருஷமும் அச்சு அசலாக அதே மாதிரி. மே மாதம் உச்சம், செப்டம்பர் வாக்கில் தாழ்வு. வட பாதி உலகத்துச் செடிகொடிகள் துளிர்க்கும்போது உறிஞ்சி, இலை மக்கும்போது திருப்பித் தருகின்றன. பூமி வருஷத்துக்கு ஒரு தடவை மூச்சு விடுகிறது! ஆனால் ஒவ்வொரு மூச்சும் முந்தினதைவிடக் கொஞ்சம் மேலே. அந்தக் 'கொஞ்சம்' நாம் எரித்த நிலக்கரியும் பெட்ரோலும்.

1964-ல் பணத்தை வெட்டினார்கள். சில மாதம் அளவே இல்லை. வரைபடத்தில் அந்த ஓட்டை இன்னமும் இருக்கிறது. அன்றைய காற்றை மறுபடி போய்ப் பிடிக்கவா முடியும்? 'வழக்கமான வேலைதானே, இதில் என்ன ஆராய்ச்சி?' என்ற முணுமுணுப்பும் இருந்தது. நமக்குக் கண்டுபிடிப்பவன் ஹீரோ, கணக்கெழுதுகிறவன் குமாஸ்தா. இங்கே குமாஸ்தா வேலை இல்லாமல் கண்டுபிடிப்பே இல்லை. தனியாக 313-க்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

இன்னொரு கேள்விதான் உறுத்துகிறது. தெரிந்தவன் கத்த வேண்டாமா? கீலிங் தெருவில் இறங்கியவர் அல்ல. அளந்தார், வெளியிட்டார், மறுபடி அளந்தார். என்னைக் கேட்டால் அது கோழைத்தனம் இல்லை. தராசு பிடிப்பவனே கூச்சல் போட்டால், எடையையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள். 'தெரியாமல் செய்துவிட்டோம்' என்று சொல்லும் வசதியை அவர் நம்மிடமிருந்து பிடுங்கிவிட்டார், அது சின்னக் காரியமா? ஆனாலும் முழுத் திருப்தி வரவில்லை. 2005-ல் அவர் இறந்தபோது எண் 380-ஐ ஒட்டி இருந்தது. 2024-ன் சராசரி 424-ஐத் தாண்டியது. கணக்கு சரியாக இருக்கிறது; செலவு குறையவில்லை.

இப்போது மகன் ரால்ஃப் கீலிங் அளக்கிறார். 2022 நவம்பரில் மௌனா லோவா வெடித்து, எரிமலைக் குழம்பு சாலையை மூடி, மின்சாரமும் போயிற்று. சில நாளிலேயே பக்கத்து மலையான மௌனா கேயாவில் கருவியை வைத்து, விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தார்கள்.