மந்திரமும் மனச்சாந்தியும்

மனச்சாந்தியை வேண்டாதார் உலகில் எவருமிலர். உழைத்துக் களைத்த தோட்டத் தொழிலாளியும், கணக்கேட்டில் கண்பூத்த நகரத்தாரும் நாடுவது அதுவே. நம் முன்னோர் அதற்கென வகுத்த வழிகளுள் மந்திர ஜபம் ஒன்று. ஐந்தெழுத்தை ஓதுங்கால் உள்ளம் அடங்குகிறதென்று அநுபவத்திற் கூறுவார் பலர். அதனைப் பொய்யென்று தள்ளுதல் அறிவுடைமையாகாது. ஆயினும், அவ்வமைதி எங்கிருந்து வருகிறது? எழுத்திலிருந்தா? அதனைக் காதிலோதிய குருவினிடமிருந்தா? ஓதுவோனிடமிருந்தேயா?

இத்தாலிய வைத்தியர் லூச்சியானோ பெர்னார்டியும் அவரைச் சேர்ந்தோரும் 23 பேரைக்கொண்டு செய்த ஆராய்ச்சியொன்று, 2001-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. 'ஓம் மணி பத்மே ஹூம்' என்னும் பௌத்த மந்திரத்தையும், கத்தோலிக்கர் ஜபமாலை உருட்டிச் சொல்லும் மரியன்னை மன்றாட்டையும் அவர்கள் ஓதச் செய்தனர். நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை வரை ஓடுவது மனிதரின் இயல்பான மூச்சு. அவ்விரண்டை ஓதியபோதும் அஃது ஏறக்குறைய 6 முறையாக நிதானப்பட்டது. இருதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் தம்முள் இசைந்து நடந்தன. சமயம் வேறு, மொழி வேறு, பயன் ஒன்றே.

அமெரிக்காவில் ஹார்வர்டைச் சார்ந்த வைத்தியர் ஹெர்பர்ட் பென்சன் 1975-இல் ஒரு நூல் வெளியிட்டார். அமைதியாயமர்ந்து, ஒரு சொல்லை மூச்சோடு சேர்த்து எண்ணி, வேறு நினைவு குறுக்கிடின் வருந்தாது அச்சொல்லுக்கே திரும்புமாறு அதிற் பயிற்சி வகுத்தார். அவர் எடுத்துக்காட்டியது 'ஒன்று' எனப் பொருள்படும் சாதாரண ஆங்கிலச் சொல்லே. கவலையுற்ற மனம் செக்குமாடுபோல் ஒன்றையே சுற்றும். ஜபம் அச்சுற்றினின்றும் அதனை விடுவிக்கிறது. இறைவன் பெயரில் அன்புடையார்க்கு அப்பெயரே நாவில் எளிதாய் வரும். அவர் அதனையே ஓதுக.

ஆகவே இப்பயன் குலத்தாலும் தட்சிணையாலும் வருவதன்று. இராமாநுசர் குருவின் தடையையும் மீறி, திருக்கோட்டியூர்க் கோயிலின் மேலேறி, எட்டெழுத்து மந்திரத்தை யாவருங் கேட்க உரைத்தாரென்பது வைணவ மரபு. அதனைப் போற்றும் நாம் மந்திரத்தை விலைபேசுவாரிடம் பணத்தை இழப்பது முறையோ?

இதனினும் கொடியதொன்றுண்டு. உறக்கமிழந்து, தனியே பேசி, உயிரையே வெறுத்திருப்பாரைக் காற்றுக் கருப்பு பிடித்ததென்று மந்திரவாதியிடம் கொண்டுசெல்கின்றோம். தஞ்சோங் ரம்புத்தானில் மனநோய் மருத்துவமனை 1911-இல் திறக்கப்பட்டது. நூறாண்டு கடந்தும், அவ்வூர்ப் பெயரையே ஏளனச் சொல்லாக வழங்குவார் நம்மிடை உளர். அவ்வேளனத்துக்கு அஞ்சி நோயை மறைக்கும் குடும்பங்களும் உள. மனநோயும் நோயே. ஜபம் வைத்தியத்துக்குத் துணையாகலாம், ஒருபோதும் ஈடாகாது.

கடனாலும், குடியாலும், குறைந்த கூலியாலும் வந்த துன்பத்தை ஓதி மறந்திருத்தலைச் சாந்தியென்பதும் தகாது. மயக்கத்துக்கும் அமைதிக்கும் வேறுபாடுண்டு. அமைதியுற்ற உள்ளம் கடனைக் கணக்கிடும், குடியை விடும், தனக்குரியதை நிதானமாய்க் கேட்கும். அன்பர்களே, ஓத விரும்புவோர் ஓதுக. ஓதி முடித்ததும் எழுந்து, ஆகவேண்டியதைச் செய்க.