சீலோவாம் கோபுரமும் வேளாங்கண்ணி மணலும்



சற்று முன் வாசிக்கக் கேட்ட லூக்கா நற்செய்தியில் இரண்டு சாவுச் செய்திகள் வருகின்றன. பலி செலுத்த வந்த கலிலேயரைப் பிலாத்து கொன்றான்; அவர்களுடைய இரத்தம் பலியின் இரத்தத்தோடு கலந்தது. சீலோவாமில் கோபுரம் சரிந்து 18 பேர் செத்தார்கள். ஒன்று மனிதன் செய்த கொலை, மற்றது யாரும் எதிர்பாராமல் வந்த விபத்து. செத்தவர்கள் மற்ற எல்லாரையும்விடப் பெரிய பாவிகளா என்று ஆண்டவர் கேட்கிறார். கேட்ட கையோடு, இல்லவே இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார்.

இந்தப் பதிலை நம் கடற்கரை இன்னும் காது கொடுத்துக் கேட்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். கிறிஸ்துமஸ் கொண்டாடிவிட்டு மாதாவைப் பார்க்க வேளாங்கண்ணிக்கு வந்திருந்த கூட்டம் கோயிலிலும் இருந்தது, கடற்கரையிலும் இருந்தது. கோயிலுக்குள் தண்ணீர் ஏறவில்லை. உள்ளே திருப்பலி கண்டுகொண்டிருந்தவர்கள் பிழைத்தார்கள். வெளியே மணலில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். கோயிலுக்குள் இருந்தவர்களை மாதா காப்பாற்றினாள் என்ற பேச்சு சில நாளிலேயே ஊர் ஊராகப் பரவியது. பிழைத்தவர்கள் நன்றி சொல்வதை நான் குறை சொல்ல மாட்டேன். உயிர் பிழைத்தவர் நன்றி சொல்லாமல் வேறு என்ன செய்வார்? ஆனால், நேர்ச்சைக்காகப் பிள்ளைக்கு மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசி, கடலில் குளிப்பாட்டக் கூட்டிப்போன தாய் இருக்கிறாளே, அவளும் மாதாவை நம்பித்தான் வந்தாள். அவளிடம் இந்தச் சாட்சியைச் சொல்ல முடியுமா? அவளுடைய முகத்துக்கு நேரே சொல்ல முடியாத எதையும் இந்தப் பீடத்திலிருந்து நான் சொல்லக் கூடாது.

கோயிலுக்குள் இருந்தால் காப்பு உண்டு என்று ஒரு கணக்கு இருந்தால் அது எல்லா ஊருக்கும் பொருந்த வேண்டும். 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் பெருவிழா. போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரத்தில் காலைத் திருப்பலிக்குக் கோயில்கள் நிரம்பியிருந்த நேரத்தில் நிலம் நடுங்கியது. கூரைகள் மக்கள்மேல் விழுந்தன. பெருவிழாவுக்கு ஏற்றிவைத்த மெழுகுதிரிகள் சாய்ந்து தீப் பிடித்தது. திறந்தவெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடல் பொங்கி வந்து இழுத்துக்கொண்டது. அங்கே கோயிலுக்குள் இருந்தவர்கள்தான் முதலில் செத்தார்கள்.

ஆகவே அன்பர்களே, யார் செத்தார், யார் பிழைத்தார் என்று பார்த்து, கடவுள் யார் பக்கம் இருந்தார் என்று கணக்குப் போடாதீர்கள். ஆண்டவரே அந்தக் கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டார்.

அவர் இன்னொன்றும் சொன்னார்: மனம் மாறாவிட்டால் நீங்களும் அப்படியே அழிவீர்கள் என்று. இதைப் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா, சுனாமி தண்டனைதான் என்று பிரசங்கம் செய்தவர்கள் உண்டு. யாரைப் பார்த்து அவர் அதைச் சொன்னார் என்று கவனியுங்கள். செத்தவர்கள்மேல் அவர் எந்தப் பாவத்தையும் சுமத்தவில்லை. உயிரோடு தம் முன்னால் நின்றவர்களைத்தான் மனம் மாறச் சொன்னார். அந்த வார்த்தை இன்று உயிரோடு இருக்கும் நமக்குத்தான்.

சுமத்ரா பக்கம் கடலடியில் நிலம் அதிர்ந்தபோது நமக்கு மணி காலை ஆறரை. அலை தமிழ்நாட்டுக் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நேரம் முழுவதும் நம் பிள்ளைகள் மணலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கரையை விட்டு ஓடுங்கள் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 6,000 பேர் போனார்கள். ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007-இல். நிலத்தட்டு நகர்ந்தது யாருடைய பாவத்தாலும் அல்ல. மலைகளை எழுப்பியதும் அதே அசைவுதான். ஆனால், அந்த இரண்டு மணி நேரம் சும்மா போனதே, அதைக் கடவுள் சித்தம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அது மனிதர் பொறுப்பு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோதும் இதே கதைதான். பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போனவர்கள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை கரையிலேயே நின்றுவிட்டது. அவர்கள் கையிலிருந்த வயர்லெஸ்ஸுக்கு எட்டவில்லை. அதற்காகக் கேள்வி கேட்டுத் தெருவில் இறங்கிய குமரிக் கரைமக்கள் செய்ததும் என் பார்வையில் ஜெபம்தான்.

மனிதர் பொறுப்பையெல்லாம் கழித்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சி நிற்கிறது. நல்ல கடவுள் ஏன் இதை விட்டுவிட்டார்? பதில் என்னிடம் இல்லை. இறையியல் படித்த எவரிடமும் முழுப் பதில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. யோபுவின் நண்பர்கள் முதலில் சரியாகத்தான் செய்தார்கள்: ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியதும் கெட்டது. கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது, தமக்காக வாதாடிய அந்த நண்பர்கள்மேல்! தம்மை நோக்கிக் கத்தி வழக்காடிய யோபுதான் சரியாகப் பேசினான் என்றார். திருப்பாடல் 88-ஐ வீட்டில் எடுத்து வாசித்துப் பாருங்கள். கடைசி வரி வரை இருட்டுத்தான். ஆறுதல் ஒன்றும் வராது. அப்படி ஒரு பாட்டையும் திருச்சபை ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறது, இரவு ஜெபத்தில் சொல்லவும் வைத்திருக்கிறது. சிலுவையில் தொங்கிய இயேசுவும், ஏன் என்னைக் கைவிட்டீர் என்றுதான் கத்தினார். கடவுளிடம் முறையிடுகிறவனுக்கு விசுவாசம் போய்விட்டது என்று யாரும் சொல்லாதீர்கள். கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்பாதவன் யாரிடம் முறையிடுவான்?

நம் பங்கில் ஓர் அம்மா இருக்கிறார். இரண்டு பிள்ளைகளை அலைக்குக் கொடுத்தவர். ஆண்டுக்கு ஒருமுறை, சுனாமி நினைவு நாளான இதே நாளில் வந்து, கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஏற்றுவார், மணலைக் கையால் ஒதுக்கிச் சுத்தம் செய்வார், கோயில் வாசல்வரை வருவார், உள்ளே வர மாட்டார். வாங்கம்மா என்று கையைப் பிடித்து இழுக்கிறீர்கள். நல்ல மனத்தோடுதான் இழுக்கிறீர்கள். வேண்டாம். அவருக்கும் கடவுளுக்கும் நடுவே ஒரு வழக்கு இருக்கிறது, அதில் நாம் புகுந்து பேச வேண்டாம். பிள்ளைகளைக் கடவுள் பூப்போலப் பறித்துக்கொண்டார் என்றும் சொல்லாதீர்கள். முடிந்தால் கூடப் போய் உட்காருங்கள், ஒரு வாய்க் காபி கொடுங்கள், பிள்ளைகளின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அந்தப் பெயர்களைக் கேட்கத்தான் அவர் ஏங்குகிறார்.

உடல் கிடைக்காதவர்களின் வீட்டார் ஒன்று கேட்டிருந்தீர்கள். கல்லறை இல்லாதவருக்கு எங்கே மெழுகுதிரி ஏற்றுவது என்று. தோட்டத்தின் நடுவிலிருக்கும் பெரிய சிலுவையின் அடியில் ஏற்றுங்கள். இன்றைய மன்றாட்டில், சுனாமியில் போனவர்களோடு ஒக்கியில் திரும்பாதவர்களின் பெயர்களும் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும். நம் பக்கத்துத் தெருவின் இந்துக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் கொடுத்த பெயர்கள் இதில் உண்டு. நேரம் ஆகும். பொறுமையாக இருங்கள்.

இப்போது எல்லாரும் எழுந்து நம்பிக்கை அறிக்கை சொல்லப் போகிறோம். சொல்ல வாய் வராதவர்கள் சும்மா நில்லுங்கள், யாரும் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மற்றவர்கள் அவர்களுக்கும் சேர்த்துக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.