மாயமும் மாயாவியும்

ஜேம்ஸ் காமரூனின் ‘அவதார்’ 2009-ஆம் ஆண்டு டிசம்பரில் திரைக்கு வந்தபோது, அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்களில் பலர் ஒரே மூச்சில் இரண்டு அபிப்பிராயங்களைச் சொன்னார்கள். இப்படியொரு காட்சியைப் பிறந்தது முதல் கண்டதில்லை என்பது ஒன்று, இந்தக் கதையை முன்பே எங்கோ கேட்டிருக்கிறோம் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. பாண்டோரா என்ற கற்பனை உலகத்தில் இரவில் ஒளிவிடும் காடுகளையும், அந்தரத்தில் மிதக்கும் மலைகளையும், நீல மேனியும் வாலும் படைத்த நாவி என்னும் இனத்தாரையும் கம்ப்யூட்டரின் துணைகொண்டு சிருஷ்டித்து, முப்பரிமாணத்தில் நம் கைக்கெட்டும் தூரத்தில் கொண்டுவந்து நிறுத்திய அந்தப் படம், அபகரிக்க வந்த கூட்டத்தைச் சேர்ந்த ஒருவன், அபகரிக்கப்படும் மக்களிடையே வாழ்ந்து, அவர்களில் ஒருத்தியைக் காதலித்து, முடிவில் தன் இனத்தாரையே எதிர்த்து நிற்கிறான் என்ற கதையைத்தான் சொல்லிற்று. 1990-இல் வெளிவந்த ‘டான்ஸஸ் வித் வுல்வ்ஸ்’ ஏறக்குறைய அதையே அமெரிக்க ஆதிகுடிகளை வைத்துச் சொல்லியிருந்தது. ஆஸ்கார் பரிசுக்காக ஒன்பது பிரிவுகளில் முன்மொழியப்பட்ட ‘அவதார்’, ஒளிப்பதிவு, கலை இயக்கம், காட்சி ஜாலம் ஆகிய மூன்றில் பரிசைப் பெற்றது. திரைக்கதைப் பிரிவில் அதன் பெயர் முன்மொழியப்படவே இல்லை.

கண்ணுக்குக் கிடைத்த நிறைவு, கதையில் நேர்ந்த குறையை ஈடுசெய்துவிடுமா? சினிமா ரசிகர்களின் சில்லறை விவாதமாக இது தோன்றலாம். ஆனால் தோற்றத்துக்கும் உண்மைக்கும் என்ன உறவு என்று யோசித்த பெரியோர்கள், மேலை நாட்டிலும் நம் நாட்டிலும், இதே கேள்வியின் வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள் என்பதால், சற்று நிதானமாகவே இதை ஆராய்வது தகும்.

முதலில், கதை பழையது என்பது ஒரு குறைதானா என்று பார்க்க வேண்டும். பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரம், ரூபகங்களுள் தலையாயதாகிய நாடகத்துக்கு, உலகம் ஏற்கெனவே அறிந்த பிரசித்தமான கதையே வஸ்துவாக வேண்டும் என்று விதிக்கிறது. ஆசிரியன் சொந்தமாகக் கட்டும் கதைக்குப் பிரகரணம் என்ற வேறோர் இடத்தை அது தந்திருக்கிறது. காளிதாசன் சகுந்தலையைப் பாரதத்திலிருந்து எடுத்தான். கம்பன் வான்மீகி நடந்த வழியிலேயே நடந்தான். அதனால் அவர்கள் பெருமை குன்றியதாக எவரும் சொன்னதில்லை. வட தமிழ்நாட்டுக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவின்போது இரவெல்லாம் தெருக்கூத்துப் பார்க்கும் ஜனங்களுக்கு, துச்சாதனன் துகிலை இழுப்பான், கண்ணன் அருளால் துகில் வளர்ந்துகொண்டே போகும் என்பது குழந்தைப் பருவம் முதலே தெரியும். தெரிந்திருந்தும், அந்தக் காட்சி நெருங்குகையில் அவர்களுடைய நெஞ்சு பதைக்கிறது, கைகள் குவிகின்றன. அடுத்தது என்ன என்ற ஆவல் அங்கே இல்லை. தெரிந்த ஒன்றை மறுபடியும் உள்ளே வாங்கிக்கொள்ளும் வேறொரு தாகம் இருக்கிறது. அந்தத் தாகத்தைத் தணிக்கக் கதை புதியதாக இருக்கவேண்டிய அவசியமில்லை, சொல்கிறவன் அதை நம்பியிருக்க வேண்டும் என்பது மட்டுமே அவசியம்.

ஆகவே ‘அவதார்’ கதையின் மேல் சாட்டத்தக்க குற்றம் அதன் பழமையன்று. விலை மதிப்பற்ற கனிப்பொருளுக்காகக் காட்டை அழிக்கத் துணியும் கம்பெனி அதிகாரி ஏன் அப்படிப்பட்டவனானான், அவனுக்குத் துணை நிற்கும் படைத்தலைவன் ஒரு கணமாவது தன்னைத் தானே கேள்வி கேட்டுக்கொண்டானா என்பவற்றில் அந்தக் கதைக்கு அக்கறை இல்லை. மற்றவர்கள் நடந்து நடந்து தேய்ந்த பாதையில் அது நடக்கிறதே தவிர, அந்தப் பாதையின் முள் தன் காலில் தைத்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அனுபவமில்லாமல் சொல்லப்படும் கதை புதியதானாலும் வறண்டதுதான். இந்த வறட்சியைத்தான் நாம் வழக்கமாகப் பழமை என்று பெயர் மாற்றிக் குறை சொல்லுகிறோம்.

இனி, காட்சியின் பக்கம் வருவோம். கிரேக்க ஞானியாகிய அரிஸ்டாட்டில், துன்பியல் நாடகத்தின் ஆறு அங்கங்களை எண்ணும்போது, கதைக்கட்டையே அதன் ஆன்மாவுக்கு ஒப்பாகச் சொல்லி, காட்சியைக் கவியின் கலைக்கு மிகவும் புறம்பானதாக ஒதுக்கினார். ஈடிபஸின் கதையைக் கண்ணால் காணாமல் காதால் கேட்டவனும் நடுங்க வேண்டும் என்பது அவர் கருத்து. பரதரின் பார்வை இதைவிட விசாலமானது என்றே நான் எண்ணுகிறேன். ஆங்கிகம், வாசிகம், சாத்துவிகம் ஆகியவற்றோடு ஆஹார்யம் என்பதையும் நால்வகை அபிநயங்களுள் ஒன்றாக வைத்து, உடை, அணி, வேஷம், மேடைக்கென்று செய்யப்படும் மலை, விமானம் போன்ற உருவங்கள் எல்லாவற்றையும் அவர் கலைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார். அது மட்டுமா? அற்புதம் என்பதை எட்டு ரசங்களில் ஒன்றாக்கி, அதற்கு ஆதாரமான ஸ்தாயி பாவம் விஸ்மயம் என்றும் வகுத்தார். எனவே மிதக்கும் மலையைக் கண்டு வாய்பிளந்து நிற்கும் சாமானிய ரசிகனை ஏளனம் செய்ய நமக்கு உரிமையில்லை. அவன் அடைந்த விஸ்மயம், சோகத்தையும் சிருங்காரத்தையும் போலவே சாஸ்திரம் ஒப்புக்கொண்ட உணர்ச்சி.

ஆயினும் மற்ற உணர்ச்சிகளுக்கு இல்லாத ஒரு பலவீனம் விஸ்மயத்துக்கு உண்டு. சோகம் பழகப் பழக ஆழமாகும். வியப்போ, பழக்கம் வந்து சேர்ந்த கணத்திலேயே விடைபெற்றுக்கொள்ளும். முதல் நாள் திகைக்க வைத்த ஜாலம் பத்து ஆண்டுகளில் எல்லாப் படங்களிலும் வந்துவிடுகிறது. அப்போது அதை நம்பி நின்ற படம் நிராதரவாகிவிடுகிறது.

இதற்கு விலக்கான ஒரு படத்தை நாம் அறிவோம். கே. வி. ரெட்டியின் இயக்கத்தில் 1957-இல் விஜயா நிறுவனத்தார் தெலுங்கிலும் தமிழிலும் வெளியிட்ட ‘மாயாபஜார்’ படத்தின் கதை, வியாசர் எழுதாதது என்றாலும், அபிமன்யு வத்ஸலா கலியாணமாக நாடக மேடைகளில் பலமுறை ஆடப்பட்டு, 1930-களிலேயே சினிமாவாகவும் எடுக்கப்பட்டுவிட்ட கதை. கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத அந்நாளில் மார்க்கஸ் பார்ட்லி தம் காமிராவைக்கொண்டு செய்த ஜாலங்கள், கடோத்கஜனாக வரும் ரங்காராவின் வாயை நோக்கி லட்டுகள் தாமாகவே பறந்து செல்லும் காட்சி உட்பட, எப்படிச் செய்யப்பட்டிருக்கும் என்று இன்று பள்ளிச் சிறுவனும் ஊகித்துச் சொல்லிவிடுவான். அப்படியிருந்தும் அந்தப் படம் ஏன் பழசாகவில்லை? அதில் ஒரு பெட்டகம் வருகிறது. திறந்து பார்ப்பவருடைய மனத்துக்கு எது பிரியமோ அதையே அது காட்டும். வத்ஸலாவுக்கு அபிமன்யு தெரிகிறான். பலராமருக்குத் துரியோதனன் தெரிகிறான். கண்ணனுக்கோ சகுனி தெரிகிறான்! பாரதப் போரை நடத்தி வைக்கப்போகிறவனுடைய சிந்தையில் சதா குடியிருப்பவன் யார் என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்த வசனமும் சொல்லியிருக்க முடியாது. ஜாலம் இங்கே கதையின் ஓட்டையை அடைக்க வந்த பூச்சு வேலையல்ல; கதாபாத்திரத்தின் உள்ளத்துக்குள் நாம் எட்டிப் பார்க்கத் திறக்கப்பட்ட வழி. அவ்வாறே, கடோத்கஜன் வத்ஸலாவின் உருவத்தை எடுத்துக்கொண்ட பிறகு, உருமாற்றத்தின் தந்திரம் ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது. அதன்பின் பெண்ணின் சாயலுக்குள்ளிருந்து அரக்கனின் மிடுக்கு அடிக்கடி தலைநீட்டுவதைச் சாவித்திரி தம் விழியாலும் நடையாலும் காட்டும்போதுதான் உண்மையான மாயமே தொடங்குகிறது. ஆஹார்யம் தொடங்கி வைத்ததைச் சாத்துவிகம் நிறைவேற்றுகிறது.

சங்கராசாரியர் மாண்டூக்கிய காரிகையின் உரையில் ஒரு மாயாவியைப் பற்றிச் சொல்லுகிறார். அவன் ஒரு நூலை ஆகாயத்தில் வீசி, ஆயுதங்களோடு அதன்மேல் ஏறி, கண்ணுக்கு மறைந்து, அங்கே போரிட்டுத் துண்டு துண்டாக விழுந்து, மீண்டும் முழு உருவத்தோடு எழுகிறான். பார்ப்பவர்கள் அதில் மயங்கியிருக்க, மெய்யான மாயாவியோ யாருக்கும் தெரியாமல் தரையிலேயே நின்றுகொண்டிருக்கிறான். தத்துவத்தை நாடுகிறவர்களுக்கு நூலின்மேல் ஏறினவனிடத்தில் அக்கறையில்லை, தரையில் நிற்பவனே அவர்களுக்கு வேண்டியவன் என்பது ஆசாரியரின் கருத்து. பிரம்மத்தைப் பற்றி அவர் சொன்னதைச் சினிமாவுக்கு இழுத்து வருவது அதிகப்பிரசங்கமாகாது என்று நம்புகிறேன். கலையிலும் தரையில் நிற்கும் ஒருவன் வேண்டும். ஆகாயத்தில் நடக்கும் அத்தனை ஜாலத்துக்கும் அடியில், வலியையும் ஆசையையும் உண்மையாகவே அனுபவித்த ஒரு மனித உள்ளம் நின்றுகொண்டிருக்க வேண்டும். அப்படி நிற்பவன் இருந்தால் நூல் அறுந்தாலும் வித்தை பிழைக்கும்.

‘அவதா’ரிலும் அப்படி ஒருவன் சிறிது நேரம் நிற்கிறான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றுச் சக்கர நாற்காலியில் காலம் கழிக்கும் முன்னாள் போர்வீரனாகிய ஜேக், தன் நினைவு நாவி உடலுக்குள் புகுந்ததும், படுக்கையிலிருந்து எழுந்து, வைத்தியர்களின் தடையை மதியாமல் வெளியே ஓடி, கால் விரல்களை மண்ணுக்குள் அழுத்திப் பார்க்கிறான். அந்த நீல உடல் முழுவதும் கம்ப்யூட்டரின் வேலை. ஆனால் அந்தக் கணத்தில் அதை நாம் வேலைப்பாடாகப் பார்ப்பதில்லை, இழந்த கால்கள் திரும்பக் கிடைத்த ஒருவனுடைய மகிழ்ச்சியாகவே பார்க்கிறோம். இறுதிப் போரில் வானமெங்கும் பறவைகளும் விமானங்களும் மோதிச் சிதறும்போது செலவிடப்பட்ட உழைப்பு இதைப்போல் எத்தனையோ மடங்கு இருக்கும். அது நம்மைத் திகைக்க வைக்கிறதே தவிர, ஒருபோதும் இந்த இடத்துக்கு வந்து தொடுவதில்லை. 2022-இல் வெளிவந்த இரண்டாம் பாகம் கடலுக்குள் இறங்கி, நீரையும் அதன் ஒளியையும் காட்டுவதில் முதல் படத்தையும் விஞ்சிவிட்டது. எனினும் அதில் என் நெஞ்சில் தங்கியது, தன் கூட்டத்தால் விலக்கிவைக்கப்பட்ட திமிங்கிலம் போன்றதொரு பிராணியும், தந்தையின் மதிப்பைப் பெறத் தவிக்கும் இளைய மகனும் ஒருவர் தனிமையை மற்றவர் அறிந்துகொள்ளும் பகுதி ஒன்றுதான். அங்கேயும் கதை பழையதுதான்.