உன் பெட்டியில் என்ன இருக்கிறது?



கலாத்தியர் 6-ஆம் அதிகாரத்தில் இரண்டு வசனங்கள் உண்டு. 2-ஆம் வசனம் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லுகிறது. 5-ஆம் வசனமோ அவனவன் தன் தன் பாரத்தைச் சுமக்க வேண்டும் என்கிறது. "என்ன பாஸ்டர், இது முன்னுக்குப்பின் முரணா இருக்கே?" என்று ஒரு வாலிபத் தம்பி கேட்டான். இதற்குப் பதில் எனக்கு விமான நிலையத்தில் கிடைத்தது!

2019-ஆம் ஆண்டு எங்கள் சபையார் 38 பேர் பரிசுத்த பூமிக்குப் போனோம். போகும்போது கஷ்டமில்லை. திரும்பும்போதுதான் சோதனை. அம்மான் விமான நிலையத்தில் பெட்டிகளைத் தராசில் வைத்தார்கள். டிக்கெட்டில் ஆளுக்கு 23 கிலோ. ஆனால் பெத்லகேமில் வாங்கிய ஒலிவ மரச் சிலுவைகள், ஒலிவ எண்ணெய், சவக்கடல் உப்பு, பாட்டில் பாட்டிலாக யோர்தான் தண்ணீர்! ஒரு சகோதரியின் பெட்டி 34 கிலோ. "ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பணம் கட்டினாலும் ஏற்ற மாட்டோம்" என்றார்கள். தூக்குகிறவன் முதுகு என்ன ஆகும்? நியாயமான சட்டம்தானே! தண்ணீரைக் கைப்பைக்கு மாற்றலாம் என்றால், 100 மில்லிக்கு மேல் அதில் விடுவதில்லை.

கவுண்டரில் இருந்தவர் இரக்கம் பாராட்டி, "குழுவாக வந்திருக்கிறீர்கள், எல்லாருடைய எடையையும் சேர்த்துக் கணக்கிடுகிறோம்" என்றார். ஸ்தோத்திரம்! தரையிலேயே பெட்டிகளைத் திறந்தோம். எங்களோடு வந்த விதவைத் தாயார் ஒருவரின் பெட்டி 11 கிலோதான். "எம் பெட்டியில பாதி இடம் சும்மாதான் கெடக்கு, வைங்கம்மா" என்றார்கள்.

வரிசையில் இன்னொரு சகோதரன் ஒதுங்கியே நின்றார். அவர் பெட்டியிலும் இடம் இருந்தது. ஆனால் மனைத் தகராறில் அந்தச் சகோதரியின் கணவரோடு இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. ஒரே ராப்போஜனப் பந்தியில் உட்காருவார்கள், முகம் பார்க்க மாட்டார்கள். தாயார் குனிந்து அடுக்குவதை அவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, "அண்ணே, உங்க எண்ணெயை இதில வைங்க" என்றார். அவ்வளவுதான். இரண்டு வருஷத்துக்குப் பின் வந்த முதல் வார்த்தை அது.

ஆனால் கவனியுங்கள். "இந்தப் பெட்டியை அடுக்கியது நீங்கள்தானா? யாராவது பொட்டலம் கொடுத்தார்களா?" என்று அதிகாரி ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டார். அதற்குப் பாஸ்டர் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் எதையும் மூடினபடி வாங்காமல், பிரித்துப் பார்த்தே வைத்தோம். தேவப்பிள்ளையே, எடையைப் பகிரலாம். கணக்கைப் பகிர முடியாது. வியாதி, கடன், துக்கம் எல்லாம் சகோதரர்கள் சேர்ந்து தூக்குகிற பாரம். கசப்பும் பகையும் நீயே திறந்து வெளியே போட வேண்டிய பாரம். யாரோ கட்டிக் கொடுத்த கோள்சொல்லும் அப்படித்தான். பிரிக்காமல் சுமக்காதே!

அப்போஸ்தலர் 27-இல் பவுலோடு கப்பலில் 276 பேர் இருந்தார்கள். மூன்றாம் நாளில் கப்பலின் தளவாடங்களை எறிந்தார்கள், பின்பு கோதுமையையும் கடலில் கொட்டினார்கள். சரக்கு போயிற்று, கப்பலும் உடைந்தது. ஒரு ஆத்துமாவும் சேதமாகவில்லை! சவுலோ, ராஜாவாகும்படி தேவன் அழைத்த நாளில் மூட்டை முடிச்சுகளுக்குள் ஒளிந்துகொண்டான். இன்றைக்கும் அபிஷேகம் பெற்றவர்கள் எத்தனை பேர் தங்கள் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார்கள்!

எக்காளம் தொனிக்கும் நாளில் பெட்டியைத் திறந்து அடுக்க நேரம் இருக்காது. இன்றே திற. பேசாமல் இருக்கிற சகோதரனிடத்தில் இந்த வாரமே போ. இடம் இருந்தால் கொடு, பாரம் இருந்தால் கேள்.

ஜெபம்: ஆண்டவரே, நான் மறைத்து வைத்திருப்பதை எனக்குக் காட்டும். எறிய வேண்டியதை எறியவும், பிறர் பாரத்தைத் தாங்கவும் பெலன் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.