நினைவும் பற்றும்

எங்கள் பாட்டியார் 94 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆயா என்றே அவரை அழைத்து வந்தோம். வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில், மணமகளாய்க் கால் வைத்த அதே இல்லத்தில்தான் அவரது இறுதி மூச்சும் அடங்கியது. அறுவரைப் பெற்று வளர்த்தார். அவர்தம் மக்களையும் மடியிலிட்டுச் சீராட்டினார். கதிரவன் மறைந்தபின் அவர் உணவு கொண்டதை நாங்கள் கண்டதில்லை. கிணற்று நீரை வெண்துணியில் வடித்த பிறகே பானையில் ஊற்றுவார். வடித்த துணியை உதறி எறிய மாட்டார்; அதில் தங்கிய நுண்ணுயிர்கள் பிழைக்க வேண்டுமென்று, நல்ல நீரால் அலசி அந்நீரை அதே கிணற்றில் சேர்ப்பார். "அதது பிறந்த இடத்திலே அதது இருக்கட்டும்" என்பார். அதற்குமேல் அவர் எங்களுக்கு அறவுரை கூறியதில்லை.

அவரது இறுதி நாட்களைப் பற்றி எங்கள் உள்ளத்தில் நெடுநாள் ஒரு முள் இருந்தது. அதனை ஈண்டு மறையாது கூறுகின்றோம். ஆயா படுக்கையில் வீழ்ந்ததும் ஊர்தோறும் இருந்து வந்து கூடினோம். பழைய நிழற்படங்களைக் காட்டினோம். "என்னைத் தெரிகிறதா ஆயா?" என ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டோம். முதல் இரண்டு நாட்கள் விடை கூறினார். பின்னர் வயலில் உழைத்த அம்மையார் உட்பட அனைவரையும் அழைத்து, தாம் செய்த பிழைகளைப் பொறுக்குமாறு வேண்டினார். அதன்பின் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். உதடுகள் மட்டும் பஞ்ச நமஸ்காரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன. "பெற்ற மகளின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லையே" என்று எங்கள் சிற்றத்தை அழுதார். அன்பு மிகுந்த ஆயா எங்களை ஏன் ஒதுக்கினார்?

இதற்கு விடை, பின்னர் தத்துவார்த்த சூத்திரத்தை ஓதியபோது கிட்டியது. அந்நூலின் ஏழாம் அதிகாரத்தில் உமாசுவாமி ஆசாரியர் சல்லேகனைக்கு நேரும் ஐந்து குற்றங்களை எண்ணிக் கூறுகின்றார். இன்னும் வாழ விரும்புதல், விரைந்து இறக்க விரும்புதல், நண்பரிடத்துப் பற்று, துய்த்த இன்பங்களை நினைத்தல், மறுமைப் பயனை வேண்டுதல் என்பன அவை. ஆயா முறைப்படி சல்லேகனை ஏற்றவர் அல்லர். ஆயினும் அவ்வழியையே மனத்திற் கொண்டிருந்தார் போலும். நாங்களோ நிழற்படங்களை ஏந்தி, மூன்றாவதும் நான்காவதுமான குற்றங்களை அவர் படுக்கையருகே கொண்டுவந்து வைத்தோம்! அவர் எங்களை வெறுக்கவில்லை. பயணம் புறப்பட்டவரின் மேலாடையைப் பிடித்து இழுத்தவர்கள் நாங்களே.

அங்ஙனமாயின், பிரிந்து சென்றவரை நாம் நினைப்பதும் குற்றமோ? உயிர் தனித்தே வருகிறது, தனித்தே போகிறது என்று பன்னிரு அநுப்பிரேட்சைகளுள் ஒன்று நமக்கு உணர்த்துகிறது. மகாவீரர்பால் கொண்ட பற்றே கௌதம கணதரருக்குக் கேவல ஞானம் எய்தத் தடையாயிருந்தது என்று சுவேதாம்பர மரபிலே ஒரு கதை வழங்குகிறது. தீர்த்தங்கரரிடத்துக் கொண்ட பற்றே தடையாகுமெனில், பாட்டியாரிடத்துக் கொண்ட பற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

எனினும், நினைவும் பற்றும் ஒன்றல்ல என்பதே எம் கருத்து. ஆயா இறுதிவரை சொல்லிய பஞ்ச நமஸ்காரமும் நினைவுதானே? அதில் தனியொருவர் பெயரும் இல்லை. அருகர், சித்தர், ஆசாரியர், உபாத்தியாயர், சாதுக்கள் என்று அவரவர் எய்திய நிலையே வணங்கப்படுகிறது. பற்று, "எனக்கு இனி யார் உளர்?" என்று தன்னையே நோக்கி அழும். நினைவு, "அவர் எவ்வாறு வாழ்ந்தார்?" என்று குணத்தை நோக்கும்.

நம் முன்னோரும் இவ்வேறுபாட்டை அறிந்தே நினைவுச்சின்னம் அமைத்தனர். செஞ்சியை அடுத்த திருநாதர் குன்றிலே, சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்த செய்தி பழந்தமிழ்க் கல்வெட்டாக நிற்கிறது. அவர் செல்வத்தையோ சுற்றத்தையோ அக்கல் கூறவில்லை. நோற்ற நோன்பையே கூறுகிறது. சிரவணபெளகுளத்தில் சாவுண்டராயர் தம் அன்னையின் விருப்பத்தை நிறைவேற்றவே பாகுபலியின் திருவுருவை எடுப்பித்தார் என்பது மரபு. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த, ஏறத்தாழ 57 அடி உயரமுள்ள அவ்வுருவில் அன்னையின் முகம் இல்லை. அவர் காண விழைந்த துறவின் முகமே உள்ளது.

ஆயா மறைந்து ஓராண்டு நிறைந்தபோது, அவர் உருவத்தைப் பளிங்கிற் பொறித்து வீட்டு முகப்பில் பதிக்கலாம் என்று எங்களுள் சிலர் கூறினர். நெடுநேரம் பேசினோம். முடிவில் அப்பொருளை ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானத்திற்கு ஆக்கினோம். ஆயாவின் வெண்துணியைச் சிற்றத்தை கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் இப்பொழுது நகரத்தில் அடுக்ககத்தின் மூன்றாம் தளத்தில் வாழ்கிறார். நாள்தோறும் குழாய் நீரை அத்துணியில் வடிக்கிறார். "வடித்துவிடுகிறேன், அலசிய நீரைச் சேர்க்க இங்கே கிணறு ஏது? அம்மா இருந்தால் என்ன செய்திருப்பாள்?" என்று ஒருநாள் எங்களைக் கேட்டார். எங்களுக்கு விடை தெரியவில்லை. ஆயின் அக்கேள்வியைக் கேட்டபொழுது அவர் அழவில்லை என்பதைக் கவனித்தோம். பிரிந்தவரை "நீ எங்கே போனாய்?" என்று தேடுவதை விடுத்து, "இங்கே நீ என்ன செய்திருப்பாய்?" என்று வினவத் தொடங்கும்போது, பற்று தளர்ந்து நினைவு அறமாகிறது. வாசகப் பெருமக்களும் தத்தம் இல்லத்து மூத்தோரை எண்ணி இதனைச் சிந்திப்பார்களாக.