ஓட்டமும் உரிமையும்

தருமத்தின் பொருட்டு மரதன் ஓடுவது இன்று உலகின் பல நகரங்களில் ஆண்டுதோறும் நிகழும் வழக்கமாகிவிட்டது. நாற்பத்திரண்டு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தை ஒருவர் ஓடி முடிக்கிறார். அவரை அறிந்தோரும் அறியாதோரும் ஒரு வைத்தியசாலைக்கோ, அநாதை இல்லத்திற்கோ, ஆராய்ச்சி நிதிக்கோ பணம் கொடுக்கின்றனர். இதனை நல்லதென்று கூறி மேற்செல்வது எளிது. ஆயின், சற்று நின்று நோக்குமிடத்து ஒரு வினா எழுகின்றது. ஓடுபவரின் உழைப்பினால் நெல் விளைவதில்லை, துணி நெய்யப்படுவதில்லை, நோயாளிக்கு ஒரு குளிகைகூடக் கிடைப்பதில்லை. பணம் கொடுப்பவர், அவர் ஓடாமலே அதனைக் கொடுத்திருக்கலாம். அங்ஙனமிருக்க, ஒருவருடைய உடல் வருந்துவதற்கும் மற்றொருவருடைய பை திறப்பதற்கும் இடையிலுள்ள தொடர்பு யாது? பிறர் துன்பத்தைத் துடைக்கும் பொறுப்பு யாருடையது என்னும் பெரிய வினா இச்சிறு வினாவினுள் அடங்கியிருக்கின்றது.

லண்டன் மரதன் 1981ஆம் ஆண்டில் தொடங்கியது. அன்று முதல் அதில் ஓடியோர் திரட்டிய நிதி நூறு கோடி பவுணைக் கடந்துவிட்டது. இத்தொகையினால் நன்மை பெற்றோர் எத்தனையோ பேர். அதே வேளையில் அதன் நடைமுறையையும் அறிதல் வேண்டும். தொண்டு நிறுவனங்கள் ஓட்டத்திற்கான இடங்களை விலைகொடுத்து வாங்குகின்றன. குறித்த தொகையைத் திரட்டித் தருவதாக உறுதியளிப்போருக்கு அவ்விடங்களை வழங்குகின்றன. பணவசதியுள்ள நிறுவனம் பல இடங்களை வாங்கலாம். சிறிய நிறுவனம் ஒன்றிரண்டோடு அமைய வேண்டும். சந்தையின் விதி இரக்கத்தின் வாசலிலும் வந்து நிற்பதை இங்கு காண்கிறோம்.

இதைக் கண்டு, தருமம் என்பதே ஏமாற்று என்று கூறிவிடும் முற்போக்காளர் உளர். அவர்களது வாதம் புதியதன்று. சோஷலிசத்தின் கீழ் மனிதனின் ஆன்மா எவ்வாறிருக்கும் என்பது பற்றி 1891இல் ஒஸ்கார் வைல்ட் எழுதிய கட்டுரை இதனைக் கூர்மையாக முன்வைத்தது. வறுமையை உண்டாக்கும் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு அதன் புண்களுக்கு மருந்து தடவுவது நோயை நீடிக்கச் செய்வதாகும் என்பது அவரது முடிபு. இவ்வாதத்தில் பேருண்மை உண்டு. எனினும், சமுதாயம் மாறும் வரை நோயாளி காத்திருக்க வேண்டும் என்று கூறும் உரிமை நோயற்ற நமக்கு இல்லை. பசித்தவன் முன் தத்துவம் பேசுவது எத்துணை இழிவோ, அத்துணை இழிவு வலியால் துடிப்பவன் முன் வரலாற்று விதிகளை விளக்குவது. ஆகவே, தருமத்தைத் துதிப்பதும் தூற்றுவதும் நமக்குப் போதா. அது எந்த எல்லைவரை நியாயம், எந்த இடத்தில் அநியாயமாக மாறுகின்றது என்பதை ஆராய்தல் வேண்டும். அதற்குக் கனடா நாட்டின் வரலாற்றில் இரண்டு மனிதரின் வாழ்க்கை நல்ல சான்றாகும்.

முதலாமவர் டெரி பொக்ஸ். 1958இல் பிறந்த இவ்விளைஞருக்கு எலும்பிலே புற்றுநோய் கண்டது. 1977இல் வலது கால் முழங்காலுக்கு மேலாக அகற்றப்பட்டது. சிகிச்சைக் காலத்தில் தம்முடனிருந்த நோயாளரின் துன்பத்தைக் கண்ட அவர், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதற்காகக் கனடாவைக் குறுக்காக ஓடிக் கடப்பதென்று முடிவு செய்தார். 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் திகதி நாட்டின் கிழக்கு முனையிலுள்ள நியூபவுண்ட்லாந்தில் தொடங்கி, ஒரு காலும் ஒரு செயற்கைக் காலும் கொண்டு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மரதன் தூரம் ஓடினார். 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் கடந்தபின், செப்டெம்பர் 1ஆம் திகதி ஒன்ராறியோ மாகாணத்தில் தண்டர் பே நகருக்கு அருகே ஓட்டத்தை நிறுத்த நேர்ந்தது. புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. ஒவ்வொரு கனடியரிடமும் ஒரு டொலர் என்பது அவர் கேட்டது. 1981 பெப்ரவரியில் அத்தொகை சேர்ந்தது: இரண்டு கோடி நாற்பது இலட்சம் டொலருக்கு மேல். அவ்வாண்டு ஜூன் 28ஆம் திகதி, இருபத்திரண்டு வயதில், அவர் காலமானார்.

இம்மனிதரைக் கண்டு மக்கள் பணம் கொடுத்ததன் காரணம் யாது? நமது சூழலில் நேர்த்திக்கடன் என்னும் வழக்கை அறிந்தோர்க்கு இது ஓரளவு விளங்கும். கால்நடையாக நெடுந்தூரம் செல்பவரும் காவடி எடுப்பவரும் தம் உடலை வருத்தித் தம் வேண்டுதல் மெய்யானதென்று காட்டுகின்றனர். அவர்கள் தெய்வத்தின் முன் செய்வதை டெரி பொக்ஸ் மக்கள் முன் செய்தார். ஊமையாக வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்த வலியை அவர் நெடுஞ்சாலைக்குக் கொணர்ந்தார். பிறர் நோய் தமக்கு அயலானதென்று எண்ணியிருந்தோர், அவ்வோட்டத்தைக் கண்டபின் அவ்வாறு எண்ண இயலவில்லை. உடல் வருத்தம் இங்கே ஒரு சாட்சியமாகின்றது. இச்சாட்சியத்தை ஏளனம் செய்பவன் மனிதகுல விடுதலையைப் பற்றிப் பேசத் தகுதியற்றவன்.

ஆனால் சாட்சியத்திற்கும் ஓர் எல்லை உண்டு. கண்ணிற்படும் துன்பத்திற்கு மட்டுமே கண்ணீர் பிறக்கின்றது. எல்லா நோயாளராலும் ஓட முடியாது. பக்கவாதத்தால் வீழ்ந்த முதியவர், மனநோயால் ஒதுக்கப்பட்ட பெண், பேசவும் அறியாத குழந்தை ஆகியோருக்காக ஓடுவதற்கு இளமையும் உறுதியும் கொண்ட ஒருவர் முன்வராவிடில் என்ன நிகழும்? சில நோய்களைப் பற்றிப் பேசவே சமுதாயம் கூசுகின்றது. அவற்றின் பெயரை மார்பில் எழுதிக்கொண்டு ஓட எத்தனை பேர் துணிவர்? நெஞ்சை உருக்கும் கதை உடையவருக்கு உதவி, கதையற்றவருக்குக் கைவிரிப்பு என்பது நீதியாகாது. தேவைக்கும் கவர்ச்சிக்கும் இடையிலுள்ள இவ்வேறுபாட்டை எந்த ஓட்டமும் தானாக நீக்கிவிடாது.

இவ்விடத்தில் இரண்டாமவரை நோக்குவோம். டொமி டக்ளஸ் 1904இல் ஸ்கொட்லாந்தில் பிறந்து, சிறு வயதில் குடும்பத்துடன் கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர். அவருக்கும் காலில்தான் நோய். எலும்பு அழற்சியால் காலை அகற்ற வேண்டிய நிலை ஏற்பட்டது. சிறந்த வைத்தியரை நாடப் பெற்றோரிடம் பணமில்லை. வின்னிபெக் நகரின் வைத்தியசாலையில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர், மாணவருக்குக் கற்பிக்கும் வாய்ப்பாகக் கொண்டு, கட்டணமின்றிச் சிகிச்சை செய்ய முன்வந்தார். கால் பிழைத்தது.

தருமத்தால் காக்கப்பட்ட சிறுவன் வளர்ந்து தருமத்தின் புகழைப் பாடியிருக்கலாம். டக்ளஸ் வேறொரு முடிவுக்கு வந்தார். தமது கால் பிழைத்தது தற்செயல். ஒரு குழந்தையின் காலும் உயிரும் ஒரு நிபுணரின் நல்லெண்ணத்தையோ பெற்றோரின் பணத்தையோ பொறுத்திருத்தல் ஆகாது என்று அவர் கருதினார். 1944இல் சஸ்கச்சுவான் மாகாணத்தின் முதலமைச்சரான அவர், பொது மருத்துவக் காப்புறுதிக்கு அடித்தளமிட்டார். 1962 ஜூலை 1ஆம் திகதி, அவருக்குப்பின் வந்த அரசாங்கத்தின் காலத்தில், அது நடைமுறைக்கு வந்தது. வைத்தியர்கள் மூன்று வாரங்களுக்கு மேலாக வேலைநிறுத்தம் செய்தனர். அரசாங்கம் பின்வாங்கவில்லை. 1966இல் நாடு முழுவதற்குமான சட்டம் நிறைவேறிற்று. தம்மைக் காத்த வைத்தியருக்கு அவர் செலுத்திய நன்றிக்கடன், அத்தகைய வைத்தியரின் தயவை இனி எவரும் நாட வேண்டாதபடி செய்ததாகும்.

இவ்விருவரையும் எதிரெதிராக நிறுத்துவது பிழை. டெரி பொக்ஸின் கால் அகற்றப்பட்ட காலத்தில் அவர் வாழ்ந்த பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலும் பொது மருத்துவக் காப்புறுதி இருந்தது. ஆகவே, தமது சிகிச்சைச் செலவை அடைப்பதற்காக அவர் ஓட வேண்டியிருக்கவில்லை. இனி வரப்போகும் நோயாளருக்காக ஓடும் சுதந்திரம் அவருக்கு இருந்தது. அயலிலுள்ள ஐக்கிய அமெரிக்காவில் இன்றும் தம் பிள்ளையின் வைத்தியச் செலவுக்காக ஊராரிடம் நிதி திரட்டும் பெற்றோர் உளர். முன்னையது கொடை, பின்னையது, எத்துணை மதிப்பான சொற்களால் மூடினும், இரத்தலே. உரிமை நிலைநாட்டப்பட்ட இடத்தில் தருமம் தலைநிமிர்ந்து நடக்கின்றது. உரிமை இல்லாத இடத்தில் அது கையேந்துகின்றது.

அரசு எல்லாவற்றையும் செய்தால் மக்களின் ஈகைக் குணம் வற்றிவிடும் என்பார் சிலர். இரத்ததானம் பற்றி 1970இல் ரிச்சர்ட் டிட்மஸ் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தக்க விடை. மருத்துவம் இலவசமாக இருந்த பிரிட்டனில் மக்கள் விலை வாங்காமல், யாருக்குச் செல்கிறதென்று அறியாமலே இரத்தம் கொடுத்தனர். இரத்தம் விலைப்பொருளாகவும் இருந்த அமெரிக்காவின் முறையைவிட அது நோயாளருக்கும் பாதுகாப்பாக இருந்ததென்று அவர் எடுத்துக்காட்டினார். டெரி பொக்ஸின் நினைவாக 1981 முதல் நிகழும் ஓட்டத்திலும் நுழைவுக் கட்டணமில்லை, பரிசில்லை, இவ்வளவு திரட்ட வேண்டுமென்ற விதியுமில்லை. அவ்வாறிருந்தும் எண்பது கோடி டொலருக்கு மேல் சேர்ந்திருக்கின்றது. 2004இல் கனடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் நாட்டின் தலைசிறந்த மனிதர் யாரென்று மக்களிடம் வாக்குக் கேட்டபோது, டக்ளஸ் முதலாமிடத்தையும் டெரி பொக்ஸ் இரண்டாமிடத்தையும் பெற்றனர். இவ்வரிசையில் மக்களின் நல்லறிவு வெளிப்படுகின்றது என்றே கருதுகிறேன்.

இது நமக்கு அயலான செய்தியன்று. 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை ஏறக்குறைய 670 கிலோமீற்றர் நடைபயணம் ஒன்று நிகழ்ந்தது. தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைக்க அது நிதி திரட்டியது. 2016இல் பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கி நடந்து, காலியிலுள்ள கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக நிதி திரட்டினர். போர் முடிந்து இரண்டாண்டுகளே சென்றிருந்த ஒரு நாட்டில், தெற்கிலிருந்தோர் வடக்கின் நோயாளருக்காகவும் பின்னர் தெற்கின் நோயாளருக்காகவும் நடந்தது சிறு செயலன்று. அதைப் போற்றுவோம். ஆனால் நடந்து கட்டிடம் எழுப்பலாம். அக்கட்டிடத்தினுள் ஆண்டுதோறும் மருந்து நிரப்புவதும், தாதியருக்கு வேதனம் கொடுப்பதும், பழுதான கருவியை மாற்றுவதும் வரவுசெலவுத் திட்டத்தின் கடமை. அக்கடமையை எவருடைய கால்களும் அரசிடமிருந்து பறித்துக்கொள்ளலாகாது. கொடையாளரின் பெருந்தன்மையைக் காட்டி ஆட்சியாளர் தம் பங்கைக் குறைப்பாராயின், ஓடியவரின் வியர்வையே நோயாளரின் உரிமைக்கு எதிரான சாட்சியமாகிவிடும்.

ஆகவே, பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இத்தகைய ஓட்டங்களை ஒழுங்குசெய்யும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் கூற வேண்டியது இது: ஓடுங்கள். ஓடும்போது, எதற்காக ஓட நேர்ந்தது என்று கேட்கவும் கற்றுக்கொள்ளுங்கள். திரட்டிய தொகையை அறிவிக்கும் அதே மேடையில், அத்தொகை பொதுப் பணத்திலிருந்து ஏன் வரவில்லை என்பதையும் அறிவியுங்கள். உங்கள் ஓட்டத்தில் இடம்பெறாத நோயாளர் யார் என்று விசாரியுங்கள். அக்கேள்விகளைக் கேட்பதற்கு மரதன் ஓடுவதற்கு வேண்டிய அளவு மூச்சு வேண்டும். அதற்குக் கைதட்டல் கிடைப்பதுமில்லை. எனினும் டக்ளஸின் காலைக் காத்த வைத்தியரின் நற்செயலை ஒரு நாட்டின் சட்டமாக மாற்றியது அக்கேள்வியே.